ஏரி நீரில் கன உலோகம்: ‘வரம்புக்குள் உள்ளது’ என்ற அறிக்கையை எப்படி வாசிப்பது?

“நீர் மாதிரியில் கன உலோகங்களின் அளவு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது.” தொழிற்பேட்டைகளை ஒட்டிய ஏரிகளுக்காக மனு எழுதியவர்கள் அனைவரும் இவ்வரியை ஒருமுறையேனும் வாசித்திருப்பார்கள். பல மனுக்களின் ஆயுள் இவ்வரியோடு முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் இது பொய்யான வரியும் அல்ல என்பதே நாங்கள் வழக்குகளின் வழியே கற்ற பாடம். எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எந்தப் புட்டியில் எடுத்த நீர், எந்தக் கருவியில், எந்த வரம்போடு ஒப்பிடப்பட்டது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தவருக்கு, விடையின் பெரும்பகுதியும் அப்போதே தெரிந்துவிடுகிறது. அந்த முடிவுகளை எடுக்கும் மேசையில் சேரி மக்களுக்கு இடமிருப்பதில்லை. களப்பணியாளர்களும் மாணவர்களும் அந்த மேசையில் உட்கார்வதற்குத் தேவையான அறிவியலையும் சட்டத்தையும் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கோடைக்கானல் ஏரியிலிருந்து தொடங்குவோம். அந்நகரில் இயங்கிவந்த ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஐதராபாத் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் அந்த ஏரியை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருந்தது. அதில் ஏறத்தாழ 50 நானோகிராம், உயிரினங்களின் உடலில் சேரக்கூடிய மெத்தில் பாதரசம். இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 பாதரசத்திற்கு விதித்துள்ள வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது 1000 நானோகிராம். ஆக, நீரை மட்டும் எடுத்துக் குடிநீர் வரம்போடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் கோடை ஏரி ‘வரம்புக்குள்’ தேறியிருக்கும். அந்த ஆய்வாளர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தொழிற்சாலையிலிருந்து விலகியிருக்கும் பேரிஜம் ஏரியிலும் மாதிரி எடுத்தார்கள். அந்த நீரில் பாதரசம் கணிசமாகக் குறைவாக இருந்தது. அடிமண்டியையும் மீனையும் சோதித்தார்கள். ஒப்பிட ஒரு ஏரி, நீருக்கு அடியில் உள்ள மண், அதில் வாழும் உயிர் ஆகிய மூன்றும் சேர்ந்தபோதுதான் ஏரிக்கு என்ன நேர்ந்தது என்பது வெளியே தெரிந்தது.

நுண்ணளவு உலோகங்கள் என்று நாம் பேசுவது ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக், குரோமியம், நிக்கல், செம்பு, துத்தநாகம் போன்றவற்றை. (ஆர்செனிக் வேதியியல்படி முழு உலோகம் அல்ல, சோதனைப் பட்டியலில் அதுவும் சேர்ந்தே வரும்.) செம்பும் துத்தநாகமும் உடலுக்குச் சிறிதளவு தேவை. ஈயத்திற்கு உடலில் எந்த வேலையும் இல்லை; பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது முதலில் தாக்குவது குழந்தைகளின் மூளையை. ஐ.எஸ். 10500இன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு ஒரு லிட்டர் குடிநீரில் ஈயம் 0.01, காட்மியம் 0.003, நிக்கல் 0.02, மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. இந்த எண்கள் எவ்வளவு சிறியவை என்பதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கிராமங்களில் பலரும் சட்டைப்பையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும். 500 மில்லிகிராம் உப்புக்கு நடுவே 0.01 மில்லிகிராம் ஈயம் அதன் கண்ணில் படாது. மீட்டர் குறைவாகக் காட்டினால் நீர் நல்லது என்று நம்பிவிடுவது ஆபத்து.

எந்த இடத்தில் எடுப்பது?

இதை நாங்கள் தொழில்நுட்பக் கேள்வியாக மட்டும் பார்ப்பதில்லை. ஏரி எல்லாப் பக்கமும் ஒரே நீரைக் கொண்டதன்று. வரத்து வாய்க்கால் ஏரியில் சேரும் இடத்தில் கழிவு செறிவாக இருக்கும். நடு ஏரியில் நீர்த்துப்போகும். மதகுக்கு அருகே மண்டி சேர்ந்து நிற்கும். கலிங்கில் வழியும் நீர் மழைநாளின் கதையை மட்டுமே சொல்லும். இவற்றோடு மக்கள் இறங்கும் இடங்களும் உண்டு. அவ்விடங்களைச் சாதிதான் பிரித்துவைத்திருக்கிறது. ஊர்த்தெருவினரின் படித்துறை ஓரிடம், சேரியினர் மாட்டைக் குளிப்பாட்டவும் மீன் பிடிக்கவும் இறங்கும் கரை வேறோரிடம். ஜீப் நிறுத்த வசதியாக இருக்கும் கரையிலேயே அதிகாரி புட்டியை முக்கிவிட்டுப் போனால், சேரியின் நீர் சோதிக்கப்படவே இல்லை என்றுதான் பொருள். ஆகவே ஏரியின் வரைபடத்தில் ஐந்து இடங்களையாவது குறித்துக்கொள்ளுங்கள்: வரத்து வாய்க்கால் வாய், நடு ஏரி, மதகு, கலிங்கு, நம் மக்கள் புழங்கும் கரை. ஒவ்வொன்றுக்கும் ஜி.பி.எஸ். குறிப்பும் ஒளிப்படமும் வேண்டும். கழிவு சேராத, அதே வகை மண்ணும் பாறையும் கொண்ட இன்னொரு ஏரியிலும் மாதிரி எடுங்கள். “இது இயற்கையிலேயே மண்ணில் உள்ள உலோகம்” என்பது ஆலைத் தரப்பு வழக்கமாக வைக்கும் வாதம். எல்லா இடத்திலும் அது வெறும் சாக்காக இருக்காது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறைகளில் குரோமைட் இயற்கையாகவே உண்டு. அந்த வாதத்தை ஏற்கவோ மறுக்கவோ ஒப்பீட்டு ஏரி இன்றி முடியாது.

பருவமும் முக்கியம். கோடையில் நீர் வற்றும்போது செறிவு கூடும். அடிநீரில் ஆக்சிஜன் குறைந்தால் மண்டியில் ஒட்டியிருந்த உலோகங்களில் சில மீண்டும் நீருக்கு வரும். முதல் மழையின் வெள்ளம் ஆலை வளாகக் கழிவை ஏரிக்குக் கொண்டுவரும். பெருமழைக்குப் பிறகு நிரம்பித் ததும்பும் ஏரியில் ஒரே ஒருமுறை எடுத்த மாதிரியை வைத்து ஆண்டு முழுமைக்கும் சான்று தருவது நேர்மையாகாது. ஆண்டுக்கு மூன்று முறையாவது எடுக்க வேண்டும்.

புட்டியும் வாளியும்

பாலாற்றுப் படுகையில் ஓர் ஏரிக்காக நாங்கள் முதன்முதலில் எடுத்த மாதிரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர்பானப் புட்டிகளைக் குழாய் நீரில் கழுவி, கரையிலிருந்த வீட்டில் வாளி கேட்டு வாங்கி நீரை மொண்டு நிரப்பினோம். பேருந்தில் கொண்டுவந்து மூன்று நாள் கழித்துத்தான் ஆய்வகத்தில் கொடுத்தோம். துத்தநாகம் மிக அதிகம் என்று முடிவு வந்தபோது வெற்றி என்றே நினைத்தோம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: வாளி எதனால் ஆனது? துத்தநாகம் பூசிய இரும்பு வாளி. அன்றைய அறிக்கையில் மற்ற உலோகங்களுக்கு இருந்த மதிப்பும் அந்த வாளியோடு போயிற்று.

சரியான முறை கடினமானதல்ல. உயர் அடர்த்திப் பாலித்தீன் புட்டியைப் பத்து விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசியிருக்க வேண்டும். இதை ஆய்வகமே செய்து தரும், கேட்டு வாங்குங்கள். அமிலத்தை நீங்களே கையாள முயலாதீர்கள். நீரின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் ஆழத்தில், மண்டியைக் கலக்காமல் புட்டியை நிரப்ப வேண்டும். தூளில்லாக் கையுறை அணியுங்கள். மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள். உலோகச் சோதனைக்கான நீரில் பி.எச். 2க்குக் கீழே இறங்கும்வரை நைட்ரிக் அமிலம் சேர்க்கப்பட வேண்டும். சேர்க்காவிட்டால் உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அறிக்கையில் அளவு குறைந்துவிடும். இப்படிப் பதப்படுத்திய மாதிரி ஆறு மாதம் வரை தாங்கும். பாதரசத்திற்கு மட்டும் 28 நாள்.

ஒரு புட்டியில் ஆய்வகத்தின் தூய நீரை நிரப்பிக் களத்திற்கு எடுத்துச் சென்று, அங்கே திறந்து மூடி, மற்றவற்றோடு திருப்பிக் கொடுங்கள். இதற்கு வெற்று மாதிரி என்று பெயர். அதில் உலோகம் தென்பட்டால் தவறு நம் கையிலோ புட்டியிலோ இருக்கிறது. தென்படாவிட்டால் வாளிக் கேள்விக்கு நம்மிடம் விடை இருக்கிறது. ஓரிடத்திலாவது ஒரே நேரத்தில் இரண்டு புட்டிகள் எடுத்து வேறுவேறு எண்ணிட்டுக் கொடுப்பது ஆய்வகத்தின் துல்லியத்தையும் காட்டிவிடும்.

வடிகட்டுவதா வேண்டாமா என்பதில் கவனம் தேவை. 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்த நீரில் கிடைப்பது கரைந்த உலோகம் மட்டுமே. கலங்கிய ஏரியில் ஈயத்தின் பெரும்பகுதி மண் துகள்களோடு ஒட்டியிருக்கும். ஏரியில் இறங்கும் குழந்தையும் மாடும் வடிதாளோடு போவதில்லை. மொத்த உலோகம், கரைந்த உலோகம் இரண்டையும் கேளுங்கள்; அறிக்கையில் எது அச்சிடப்பட்டுள்ளது என்று பாருங்கள்.

குரோமியம் தனிக்கதை

இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிலின் அடிமட்ட வேலைகளைச் செய்யும் கைகளில் பெரும்பங்கு தலித் கைகள். சாதி அவர்களை அந்த வேலைக்குத் தள்ளியது; அந்த வேலையின் கழிவு அவர்கள் குடியிருப்பின் நீரைத் தேடி வந்தது. பதனிடலில் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்ட குரோமிய உப்பு. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் அதைவிடப் பன்மடங்கு நச்சு, நீரில் எளிதில் கரைந்து நகரும், புற்றுநோயை உண்டாக்குவது. குரோமியச் சேர்மங்களைத் தயாரித்து 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, இராணிப்பேட்டையில் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவைக் குவியலாக விட்டுச் சென்றது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையும் இருந்தது.

இவ்விரு வகைக் குரோமியத்தையும் பிரித்தறிய அமிலம் சேர்த்த புட்டி உதவாது. அமிலம் பட்டால் ஆறு இணைதிறன் வடிவம் மூன்றாக மாறிவிடும். அதற்குத் தனிப் புட்டி, அமிலமின்றி, பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரிக்கு அருகே வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதிக்கப்பட வேண்டும். நடைமுறையில் இது நடப்பதே அரிது. வெள்ளிக்கிழமை மாலை எடுத்துத் திங்கட்கிழமை சோதித்த மாதிரியில் ஆறு இணைதிறன் குரோமியம் இல்லை என்று எழுதியிருந்தால், எடுத்த நேரத்தையும் சோதித்த நேரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே போதும், அறிக்கையின் தகுதி விளங்கிவிடும்.

ஆய்வகமும் அறிக்கையும்

என்.ஏ.பி.எல். முத்திரை இருப்பதால் மட்டும் ஆய்வகத்தை நம்ப வேண்டியதில்லை. அங்கீகாரம் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. உங்களுக்கு வேண்டிய உலோகமும் சோதனை முறையும் அதன் அங்கீகாரப் பட்டியலில் உள்ளனவா என்று பாருங்கள். ஐ.சி.பி.-எம்.எஸ். என்னும் கருவி லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே அளக்கும். பழைய சுடர் வகை அணு உறிஞ்சல் கருவியால், லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் அளவுக்குக் கீழுள்ள ஈயத்தை நம்பகமாகக் காண முடியாது. குடிநீர் வரம்பு 0.01. வரம்பைப் போல் ஐந்து மடங்கு ஈயம் இருந்தாலும் அக்கருவி ‘கண்டறியும் அளவுக்குக் கீழ்’ என்றே சொல்லும். அறிக்கையில் பி.டி.எல். என்ற மூன்று எழுத்தைக் கண்டால், கண்டறியும் அளவு எவ்வளவு என்ற எண்ணைக் கேளுங்கள். எண் தரப்படாத பி.டி.எல். வெற்றுத்தாளுக்குச் சமம்.

அடிமண்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம். நீரில் வந்து சேரும் உலோகத்தில் பெரும்பகுதி சில நாட்களிலேயே மண்டியில் படிந்துவிடும். நீர் இன்றைய நிலையைச் சொல்லும், மண்டி பல ஆண்டுகளின் கணக்கை வைத்திருக்கும். ஏரி மண்டிக்கென்று சட்டப்படி அறிவிக்கப்பட்ட உலோக வரம்பு நம் நாட்டில் இல்லாததே அதைச் சோதிக்காமல் விடுவதற்கு வசதியாகிவிட்டது. தமிழ்நாட்டில் ஏரி வண்டலை அரசு அனுமதியோடு கட்டணமின்றி அள்ளி வயலுக்கு இடும் வழக்கம் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் தொழிற்பேட்டைக் கழிவு பல ஆண்டுகள் படிந்த ஏரியின் வண்டலைச் சோதிக்காமல் அள்ளிக் கொடுத்தால், கழிவுக் குவியலைப் பங்கு பிரித்து வயல்தோறும் சேர்த்தது போலாகும். தூர்வாரும் அறிவிப்பு வந்தால் முதலில் மண்டிச் சோதனை கேளுங்கள். வாரிய அதிகாரிகளும் இக்கோரிக்கையை எளிதில் மறுப்பதில்லை என்பது எங்கள் அனுபவம்.

சட்டத்தில் இந்தப் புட்டிக்கு என்ன இடம்?

1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவு மாதிரி எடுக்கும் அதிகாரத்தை மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தருகிறது. ஆலைக் கழிவுநீரை எடுக்கும்போது ஆலை உரிமையாளருக்கு அறிவிப்புத் தந்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்; இல்லையேல் அந்தச் சோதனை முடிவு எந்த வழக்கிலும் சான்றாகாது. இதைக் காட்டி, மக்கள் எடுக்கும் எந்த மாதிரியும் செல்லாது என்று மிரட்டுவார்கள். பிரிவைக் கூர்ந்து படியுங்கள். அந்தத் தடை பேசுவது சாக்கடை நீரையும் தொழிற்கழிவையும் பற்றி மட்டுமே. ஏரி, சட்டத்தின் 2ஆம் பிரிவில் உள்ள விளக்கப்படி ‘நீரோடை’ என்ற சொல்லுக்குள் அடங்கும் உள்நாட்டு நீர்நிலை. நாம் எடுத்த ஏரி நீரின் சோதனை முடிவை அந்தத் தடை தடுப்பதில்லை. அதற்கு எவ்வளவு மதிப்புத் தருவது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யும். வெற்று மாதிரியும் கைமாற்றப் பதிவும் கைகொடுப்பது அங்கேதான். புட்டி யாரிடமிருந்து யாருக்கு எந்த நேரத்தில் சென்றது என்ற கையெழுத்துத் தாள் ஒருநாளும் விடுபடக்கூடாது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி சான்றுச் சட்ட விதிகளால் கட்டுண்டதல்ல. மக்கள் திரட்டும் தரவுகளை உச்ச நீதிமன்றமே எடுத்தாண்டதுண்டு. பாலாற்றுத் தோல் கழிவு தொடர்பாக 1991இல் தொடரப்பட்ட வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பில், திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பு இடம்பெற்றுள்ளது: 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்தன. சட்ட உதவி வாரியம் அனுப்பிய இரு வழக்கறிஞர்களின் கள அறிக்கையும் அதே தீர்ப்பில் உண்டு. சட்டம் படிக்கும் மாணவர்கள் இத்தீர்ப்பை முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டுக்காகப் படிக்கிறார்கள். அந்தக் கிணற்றுக் கணக்குக்காகவும் ஒருமுறை படிக்கலாம். பாலாற்றுக்கான இழப்பீடு அதோடு முடிந்துவிடவில்லை. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் அதற்காகப் புதிய உத்தரவுகளைப் பிறப்பிக்க வேண்டியிருந்தது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவில் ‘எக்ஸ்’ என்ற கூறு, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுத்து, வழக்கமான பயன்பாட்டிற்கான அதன் தகுதியைக் குறைப்பதைக் குற்றம் என்கிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது போன்ற கொடுமைகளின்போது மட்டுமே இக்கூறு நம் நினைவுக்கு வருகிறது. இதன் சொற்களைக் கவனியுங்கள். குடிநீர் வரம்பு பற்றி அதில் பேச்சே இல்லை. ‘வழக்கமான பயன்பாடு’ என்பதுதான் அளவுகோல். மீன் பிடிப்பதும் மாடு குளிப்பாட்டுவதும் அந்த ஏரியின் வழக்கமான பயன்பாடு என்றால், மீனில் உள்ள உலோகமே சான்றாகும். 1927 மார்ச் 20 அன்று மகத்தின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் நீர் அருந்தியதும் சாதி இந்துக்கள் மாட்டுச் சாணமும் கோமியமும் கலந்த குடங்களைக் கொட்டி அக்குளத்தைத் ‘தூய்மை’ செய்தார்கள். குளத்தில் இல்லாத தீட்டு அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. ஆலைக் கழிவு விஷயத்தில் இக்கூறு இன்னும் போதுமான அளவு நீதிமன்றங்களில் வாதிடப்படவில்லை என்பது எங்கள் கருத்து. எளிதில் வெல்லும் வழக்கு என்று சொல்ல மாட்டோம்.

செய்யக்கூடியவற்றில் மலிவானது தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2(ஜே) பிரிவு ஆவண நகல்களோடு நிற்பதில்லை. பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறுவதும் ‘தகவல் அறியும் உரிமை’யில் அடங்கும். உங்கள் ஏரி குறித்து வாரியம் எடுத்த அறிக்கைகளோடு, மாதிரி எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ். குறிப்பு, எடுத்த நேரம், ஆய்வகம் பெற்றுக்கொண்ட நேரம், சோதனை முறை, கண்டறியும் அளவு, வெற்று மாதிரியின் முடிவு ஆகியவற்றையும் தனித்தனிக் கேள்வியாகக் கேளுங்கள். நீர்ச் சட்டத்தின் 49ஆம் பிரிவுப்படி, 60 நாள் முன்னறிவிப்புத் தந்து எவரும் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் தரலாம். புகார் தந்தவர் கேட்டால் வாரியம் தன்னிடமுள்ள அறிக்கைகளைத் தர வேண்டும், பொதுநலன் கருதி மறுக்கும் விலக்கு ஒன்று மட்டும் அதற்கு உண்டு. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் பல குற்றங்களில் சிறைத்தண்டனையை நீக்கி அபராதத்தோடு நிறுத்துகிறது. அது முதலில் இமாச்சலப் பிரதேசம், ராஜஸ்தான், ஒன்றியப் பகுதிகளுக்குப் பொருந்தியது. பிற மாநிலங்கள் தீர்மானம் இயற்றி ஏற்கலாம். உங்கள் மாநிலத்தின் நிலையைச் சரிபார்த்த பிறகே முன்னறிவிப்பை எழுதுங்கள்.

வாரியம் மாதிரி எடுக்க வரும் நாளை எழுத்தில் தெரிவிக்கும்படி கேளுங்கள். அன்று நம் ஆய்வகப் புட்டிகளோடு கரையில் இருந்து, அவர்கள் முக்கும் இடத்தில் அதே நிமிடத்தில் நாமும் முக்க வேண்டும். சேரியின் கரையில் எடுக்க மறுத்தால் அந்த மறுப்பையும் மகஜரில் எழுதச் சொல்லி, அங்கே வழக்கமாக இறங்கும் பெண்களிடமே சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள்.